மானிடப் புவியியலின் அடிப்படைக் கருத்துக்கள்: ஒரு வரலாற்று நோக்கு

மானிடப் புவியியலைப் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டிற் பயிலப் புகும் மாணவர் முதலிற் சந்திப்பன சில கலைச்சொற்களே. சூழல், வாழ்க்கைமுறை, பிரதேசம், நிலத்தோற்றம், மைய இடம், வெளி, இடம் என்பன அவற்றுள் தலையாயன. இவற்றுக்கு வரைவிலக்கணம் கூறவும், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் காட்டவும் அறிந்தவர் பரீட்சையிற் சித்தியெய்திவிடலாம். ஆயின் இச்சொற்கள் யாவும் ஒரே காலத்தில், ஒரே நோக்குடன் ஆக்கப்பட்டவையல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நாட்டில், குறிப்பிட்ட சூழ்நிலையில் எழுந்த ஒரு வினாவுக்கு விடையாகத் தோன்றியது. சில கருத்துக்கள் பின்னர் அவற்றை ஆக்கியோர் எண்ணியிராத கருமங்களுக்குப் பயன்பட்டன. வேறு சில ஆக்கியோராலேயே அவ்வாறு பயன்படுத்தப்பட்டன. இக்கருத்துக்கள் எவ்வாறு தோன்றின, அவற்றால் யாது விளைந்தது என்பவற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூழல் பற்றிய பழைய வினா

மனித சமுதாயங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவதற்குக் காரணம் யாது என்னும் வினா மிகப் பழையது. காற்று, நீர், இடம் ஆகியவை மக்களின் உடலையும் குணத்தையும் உருவாக்குகின்றன என்னும் கருத்தை ஹிப்போகிறேற்றிசின் பெயரால் வழங்கும் கி. மு. 5ஆம் நூற்றாண்டு நூலொன்றிற் காணலாம். அரிஸ்ரோட்டில் குளிர்நாட்டு ஐரோப்பியரிடம் வீரமுண்டு, அறிவு குறைவு என்றும், ஆசிய மக்களிடம் அறிவுண்டு, வீரம் குறைவு என்றும் கூறி, இவ்விரண்டுக்கும் இடையே வாழும் கிரேக்கரிடம் இரண்டும் பொருந்தியுள்ளன என முடித்தார். 1377இல் தமது வரலாற்று முன்னுரையை எழுதிய இப்னு கல்தூன் உலகை ஏழு காலநிலை வலயங்களாகப் பிரித்து, மத்திய வலயங்களிலேயே நாகரிகம் சிறக்கும் என்றார். அவர் பிறந்து வாழ்ந்த மக்ரிப் பிரதேசத்தையும் அவற்றுள் அடக்கினார். 1748இல் வெளிவந்த சட்டங்களின் உட்பொருள் பற்றிய நூலில் மொந்தெஸ்கியூ, குளிர்நாட்டு மக்களே சுறுசுறுப்பும் சுதந்திர வேட்கையும் உடையவர் என வாதித்தார்.

இம்மூவரின் கூற்றுக்களையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். ஒவ்வொருவரும் தத்தம் மக்கள் வாழும் பகுதியையே சிறந்த காலநிலையுடையதாகக் கண்டனர். சூழலே மனிதரை ஆக்குகிறது என்னும் கூற்று காலநிலையைப் பற்றிய கூற்றாகத் தோன்றினும், அது பெரும்பாலும் கூறுபவரின் நிலையைப் பற்றிய கூற்றாகவே அமைந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பழைய எண்ணம் விஞ்ஞானத்தின் உடையில் மீண்டும் தோன்றியது.

றட்செலும் வாழ்வெளியும்

நவீன புவியியலின் தந்தையரெனப் போற்றப்படும் அலெக்சாந்தர் வொன் ஹம்போல்ட், கால் றிற்றர் ஆகிய இருவரும் 1859இல் மறைந்தனர். அவ்வாண்டிலேயே டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது. இவ்வொற்றுமை தற்செயலானதெனினும், அடுத்த தலைமுறைப் புவியியலாளர் டார்வினின் நிழலிலேயே சிந்தித்தனர் என்பதை நினைவூட்ட உதவும். அத்தலைமுறையின் முதல்வர் பிரீட்றிக் றட்செல். விலங்கியலிற் பயிற்சி பெற்ற அவர், 1870இல் மூண்ட பிரான்சிய - பிரசியப் போரிற் பங்குகொண்டு காயமுற்றவர். பின்னர் பத்திரிகை நிருபராக வட அமெரிக்காவிற் பயணஞ் செய்தவர். 1882இலும் 1891இலும் இரு தொகுதிகளாக வெளிவந்த அவரது மானிடப் புவியியல் நூலே இத்துறைக்குப் பெயரும் வடிவும் கொடுத்தது எனலாம்.

1897இல் வெளியான அரசியற் புவியியலில் றட்செல் அரசை மண்ணில் வேரூன்றிய ஓர் உயிரியாக உருவகித்தார். உயிரி வளர்வதுபோல அரசும் வளரும். வளரும் அரசின் எல்லைகள் விரியும் என்பது அவர் கருத்து. ஓர் உயிரினம் வாழ்வதற்கு வேண்டிய நிலப்பரப்பை அவர் வாழ்வெளி என வழங்கினார். 1901இல் அப்பெயரிலேயே ஒரு கட்டுரையும் எழுதினார். றட்செல் இனத்தூய்மைக் கொள்கையை ஏற்றவரல்லர். அவர் 1904இல் மறைந்துவிட்டார். எனினும் முதலாம் உலகப் போரின் தோல்விக்குப் பின்னர் அவரது சொல் வேறு கைகளிற் சேர்ந்தது. படைத்தளபதியாயிருந்து பேராசிரியரான கால் ஹவுஸ்ஹோபர் அதனைப் புவியரசியலின் மையக் கருத்தாக்கினார். அவருடைய மாணவர் றுடோல்ப் ஹெஸ் வழியாக அது ஹிட்லரின் வட்டத்தை எட்டியது. ஹவுஸ்ஹோபரின் நேரடிச் செல்வாக்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயின் கிழக்கு ஐரோப்பாவைக் கைப்பற்றும் கொள்கைக்கு வாழ்வெளி என்னும் சொல்லே பெயராய் நின்றது என்பதில் ஐயமில்லை. ஹவுஸ்ஹோபரின் மகன் அல்பிரெக்ற் ஹிட்லருக்கு எதிரானோருடன் தொடர்பு கொண்டமைக்காக 1945 ஏப்பிரலிற் கொல்லப்பட்டார். தந்தை அடுத்த ஆண்டில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

றட்செலின் கருத்துக்களை ஆங்கிலம் பேசும் உலகுக்குக் கொண்டுசென்றவர் அமெரிக்கரான எலன் சேர்ச்சில் செம்பிள். லைப்சிக் பல்கலைக்கழகம் பெண்களை மாணவராகப் பதிவுசெய்யாத காலத்தில், அனுமதி பெற்று றட்செலின் விரிவுரைகளைக் கேட்டவர் அவர். 1911இல் அவர் வெளியிட்ட நூல் சூழல் நியதிவாதத்தின் செவ்விய எடுத்துரைப்பாகக் கருதப்படுகிறது. எல்ஸ்வேத் ஹன்ரிங்ரன் 1915இல் காலநிலைக்கும் நாகரிகத்துக்கும் உள்ள தொடர்பைப் படங்களால் நிறுவ முயன்றார். நாகரிகத்தின் பரம்பலைக் காட்டும் அவரது படம் தெரிந்தெடுக்கப்பட்ட அறிஞர்களின் அபிப்பிராயங்களைத் திரட்டி வரையப்பட்டதாகும். மேற்கைரோப்பாவும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியும் அதில் உச்சம் பெற்றமையும், அயனமண்டல நாடுகள் தாழ்நிலையுற்றமையும் வியப்புக்குரியனவல்ல. குடியேற்றவாதம் உச்சத்திலிருந்த காலத்தில் ஆளப்படுவோரின் நிலைக்கு ஆட்சியன்றிக் காலநிலையே காரணம் எனக் கூறும் கோட்பாடு ஆள்வோர்க்கு எவ்வளவு இனியதாயிருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

விடாலும் வாழ்க்கைமுறையும்

நியதிவாதத்துக்கு எதிரான முதல் வலிய குரல் பிரான்சிலிருந்து எழுந்தது. வரலாற்றிற் பயிற்சி பெற்ற போல் விடால் டி லா பிளாஷ், 1870 - 71 போரிற் பிரான்சு அல்சாசையும் லொறேனின் ஒரு பகுதியையும் இழந்த சில காலத்தில், புதிய எல்லைக்கு அண்மையிலிருந்த நான்சி நகரிற் கற்பிக்கத் தொடங்கினார். 1903இல் அவர் எழுதிய பிரான்சின் புவியியற் சித்திரம், அந்நாட்டைச் சிறு சிறு பிரதேசங்களாகக் கண்டு, ஒவ்வொன்றிலும் நிலமும் மக்களும் நீண்டகாலம் இணைந்து வாழ்ந்தமையால் உருவான தனித்தன்மையை விளக்கியது. ஒரு மக்கட் கூட்டம் தன் உணவு, உறையுள், தொழில், கருவி, வழக்கம் ஆகியவற்றால் ஒரு நிலத்துடன் கொள்ளும் உறவை அவர் வாழ்க்கைமுறை என்றார். நிலம் வாய்ப்புக்களை வழங்குகிறது. அவற்றுள் எதனைத் தெரிவதென்பது மக்களின் மரபையும் திறனையும் பொறுத்தது என்பதே அவர் நிலைப்பாடு. அவர் 1918இல் மறைந்தபின், வரலாற்றாசிரியர் லூசியன் பெவ்ர் 1922இல் இதற்குச் சாத்தியவாதம் எனப் பெயரிட்டார்.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்திற் திணைக் கோட்பாடு நினைவுக்கு வருதல் இயல்பு. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், உணவு, விலங்கு, மரம், தொழில், தெய்வம் முதலியவற்றைக் கருப்பொருளாகவும் தொல்காப்பியம் வகுத்துள்ளமை வாழ்க்கைமுறை என்னும் கருத்துக்கு நெருங்கியது. பாலைக்குத் தொல்காப்பியம் தனி நிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் விளக்குகிறது. நிலத்தின் இயல்பு மாறாததன்று என்னும் உணர்வு இதிற் பொதிந்துள்ளது. ஆயினும் திணை செய்யுளிலக்கண வகைப்பாடு என்பதை மறந்து அதனைப் புவியியல் நூலாகவே கொள்ளுதல் பிழையாகும். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் திணைகளைத் தென்னிந்தியச் சமுதாயத்தின் சமனற்ற வளர்ச்சியோடு தொடர்புபடுத்தி நோக்கியமை இவ்வகையில் எச்சரிக்கையும் பயனும் உடைய அணுகுமுறையாகும்.

உலர் வலயம் கூறும் விடை

நியதிவாதமும் சாத்தியவாதமும் முரண்படுமிடத்து, எமது நாட்டின் உலர் வலயமே சிறந்த சோதனைக்களமாக அமைகிறது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இவ்வலயத்துள் அடங்கும். மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கிடைக்க, ஆண்டின் எஞ்சிய மாதங்கள் வரட்சியாகக் கழிகின்றன. இச்சூழலே மனிதரின் கதியை நிர்ணயிக்குமாயின் இவ்வலயம் எக்காலத்தும் ஒரே நிலையில் இருந்திருத்தல் வேண்டும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அநுராதபுரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகராய் விளங்கியது இவ்வலயத்திலேயே. குளங்களும் கால்வாய்களும் பின்னிய நீர்ப்பாசன நாகரிகம் பொலனறுவைக் காலத்திலும் தொடர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது சிதைய, காடு மீண்டது. மக்கட் செறிவு தென்மேற்கு ஈர வலயத்துக்கு நகர்ந்தது. படையெடுப்பு, நீர்ப்பாசன நிருவாகத்தின் வீழ்ச்சி, மலேரியா என அச்சிதைவுக்குக் கூறப்பட்ட காரணங்களை றோட்ஸ் மேர்பி 1957இல் தமது கட்டுரையில் ஆராய்ந்தார். மழையின் அளவு மாறியமை ஒன்றால் மட்டும் அதனை விளக்க இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை மீண்டும் மாறியது. 1934 - 35இல் ஏறக்குறைய 80,000 பேரைப் பலிகொண்ட மலேரியா, 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டதன் விளைவாகப் பெரிதும் கட்டுப்பட்டது. 1949இற் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. 1977இல் துரித மகாவலித் திட்டம் ஆரம்பமாயிற்று. அதே வானம், அதே மண். ஆயின் செழிப்பும் பாழும் மீட்சியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

காலத்தால் மட்டுமன்றி இடத்தாலும் இதனை நிறுவலாம். யாழ்ப்பாணக் குடாநாடும் உலர் வலயத்தைச் சேர்ந்ததே. அங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. எனினும் சுண்ணாம்புக் கற்படையில் தங்கும் நிலத்தடி நீரைக் கிணறு தோண்டி இறைத்தும், எருவும் பசளைத்தழையும் இட்டு மண்ணை வளப்படுத்தியும் வாழ்ந்த மக்கள் அதனை நாட்டின் செறிந்த குடித்தொகைப் பகுதிகளுள் ஒன்றாக்கினர். அருகிலுள்ள வன்னி ஏறக்குறைய அதே மழையைப் பெற்றும் ஐதான குடித்தொகையுடன் இருந்தது. கற்படையின் வேறுபாடு வாய்ப்பைத் தந்தது. அவ்வாய்ப்பைத் தோட்டமாக்கியது உழைப்பு. சாத்தியவாதத்துக்கு இதனினும் தெளிந்த உதாரணம் காண்டல் அரிது.

ஆயின் சாத்தியவாதமும் முழுமையான விடையன்று. வாய்ப்புக்களுள் ஒன்றைத் தெரிபவர் யார் என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி. எச். பாமர் 1957இல் வெளியிட்ட நூல் உலர் வலய விவசாயக் குடியேற்றங்களை நுணுகி ஆராய்ந்தது. அவரே 1963இல் இலங்கையைப் பிளவுண்ட நாடெனக் குறித்து மற்றொரு நூலும் எழுதினார். இரு நூல்களும் தொடர்பற்றவையல்ல. அரசு ஒரு பரப்பை ஆளற்ற நிலமாகப் படத்திற் குறித்துத் திட்டம் தீட்டுமிடத்து, அங்கும் அதனைச் சூழவும் ஏற்கெனவே வாழ்ந்தோரின் உரிமை, புதிதாக வருவோர் எவர், அதனால் மாவட்டத்தின் குடித்தொகை விகிதம் எவ்வாறு மாறும் என்னும் வினாக்கள் எழாமற் போகா. குடியேற்றம் இந்நாட்டின் இன முரண்பாட்டுக்கான முக்கிய காரணங்களுள் ஒன்றாயிற்று. ஒரு நிலம் காலியாக உள்ளது எனக் கூறுவது அவதானிப்புப் போலத் தோன்றும். உண்மையில் அது பெரும்பாலும் ஒரு தீர்மானம்.

சவரும் நிலத்தோற்றமும்

அமெரிக்காவில் நியதிவாதத்தின் செல்வாக்கைத் தளர்த்தியவருள் முதன்மையானவர் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால் சவர். 1925இல் வெளிவந்த நிலத்தோற்றத்தின் உருவவியல் என்னும் கட்டுரையில் அவர் வினாவையே திருப்பிப் போட்டார். இயற்கை மனிதருக்கு யாது செய்தது என்பதைவிட, மனிதர் தம் பண்பாட்டின் வழியாக இயற்கைக்கு யாது செய்துள்ளனர் என்பதே அவரது ஆய்வுப் பொருளாயிற்று. வயல், வேலி, பாதை, வீடு, கோயில் யாவும் பண்பாட்டு நிலத்தோற்றத்தின் கூறுகள். அவற்றை ஓர் ஆவணத்தைப்போலப் படித்துச் சென்ற காலத்தை அறியலாம். 1955இற் பிரின்ஸ்ரனில் நடைபெற்ற, மனிதன் புவியின் முகத்தை மாற்றியமை பற்றிய கருத்தரங்கில் அவர் முக்கிய பங்கு வகித்தார். இன்று சூழல் சீர்கேடு பற்றிப் பேசுவோர் பலரின் முன்னோடி அவரே. எனினும் பண்பாட்டை மக்களின் தலைக்கு மேலே நின்று இயங்கும் ஒரு பொருளாக அவர் வழியினர் கருதினர் என்றும், அதற்குள் நிலவும் வர்க்க, அதிகார வேறுபாடுகளைக் காணவில்லை என்றும் பின்வந்தோர் குறைகூறினர்.

கிறிஸ்ரல்லரின் அறுகோணங்கள்

வகுப்பறையில் எவ்வித ஐயமுமின்றிக் கற்பிக்கப்படும் கருத்து ஒன்று உண்டெனின் அது மைய இடக் கோட்பாடே. நகரங்களின் எண்ணிக்கை, அளவு, பரம்பல் ஆகியவற்றுக்கு ஒழுங்கு உண்டா என வினவிய வால்ரர் கிறிஸ்ரல்லர், 1933இல் தென் யேர்மனியின் மைய இடங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். சமதரையான ஒரு நிலம். அதிற் சமமாகப் பரந்த, சமமான கொள்வனவுச் சக்தியுடைய மக்கள். எவரும் தமக்கு அண்மையிலுள்ள மையத்துக்கே செல்வர் என்பன அவரது எடுகோள்கள். ஒரு பொருளின் விற்பனை நிலைத்தற்கு வேண்டிய ஆகக்குறைந்த வாடிக்கையாளர் தொகை ஒருபுறம். அப்பொருளுக்காக ஒருவர் பயணஞ் செய்ய விரும்பும் ஆகக்கூடிய தூரம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே சந்தைப் பரப்பு அமையும். வட்டங்கள் இடைவெளியின்றிப் பொருந்தாவாதலின் அப்பரப்புக்கள் அறுகோணங்களாகும். சிறு மையங்கள் பலவும் பெரு மையங்கள் சிலவுமாக ஒரு படிநிலை தோன்றும். நகரங்களின் மையத்தன்மையை அளவிட அவர் தொலைபேசி இணைப்புக்களின் எண்ணிக்கையைப் பயன்படுத்தியமையும் குறிப்பிடத்தக்கது.

இக்கோட்பாட்டின் அழகை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின் அதன் வரலாறு பாடநூல்களில் அரிதாகவே கூறப்படுகிறது. கிறிஸ்ரல்லர் 1940இல் நாற்சிக் கட்சியிற் சேர்ந்தார். ஹிம்லரின் பொறுப்பிலிருந்த யேர்மானியமயமாக்கல் ஆணையகத்தின் திட்டப் பிரிவிற் கொன்றாட் மேயரின் கீழ்ப் பணியாற்றினார். கைப்பற்றப்பட்டு யேர்மனியுடன் இணைக்கப்பட்ட போலந்துப் பகுதிகளில் எவ்வெவ்விடங்களில் மையங்கள் அமைதல் வேண்டும் என்பதை அவரது கோட்பாட்டின்படி வகுப்பதே அப்பணி. கோட்பாட்டிற் சமதரை வெற்றுநிலமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. போலந்தோ வெற்றுநிலமன்று; அங்கு போலந்து மக்களும் யூதரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். படத்தில் அறுகோணங்கள் வரையப்படும்போது, நிலத்தில் அம்மக்கள் வெளியேற்றப்பட்டும் கொல்லப்பட்டும் கொண்டிருந்தனர். போரின் பின்னர் அவர் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தார் என்பதும் வரலாறே.

இதனாற் கோட்பாடு பொய்யாகிவிடுமா எனக் கேட்கலாம். ஆகாது. கடலை மீட்டு உருவாக்கப்பட்ட நெதர்லாந்தின் வடகிழக்குப் போல்டரில், எம்மலோர்ட் நகரை நடுவிலும் பத்துக் கிராமங்களைச் சுற்றிலும் அமைத்தபோது, மைய இடக் கோட்பாட்டுக்கு இயைந்த அமைப்பு எவருக்கும் தீங்கு செய்யவில்லை. அங்கு நிலம் மெய்யாகவே புதியது. 1964 - 65இல் ஜி. வில்லியம் ஸ்கின்னர் சீனாவின் செச்சுவான் மாகாணச் சந்தைகளை இக்கோட்பாட்டின் துணைகொண்டு விளக்கி, சீனக் கிராமியச் சமுதாயத்தைப் புரிந்துகொள்ளப் புதுவழி காட்டினார். எனவே குறை அறுகோணத்தில் இல்லை. விளக்குவதற்காகச் செய்துகொண்ட எடுகோளை, ஆள்வதற்கான அனுமதியாகக் கொள்வதிலேயே குறை உள்ளது.

வெளியும் இடமும்

1950களில் எழுந்த அளவைப் புரட்சி கிறிஸ்ரல்லரை மீண்டும் முன்னணிக்குக் கொணர்ந்தது. பிரதேசங்களின் தனித்தன்மையை விவரிப்பதே புவியியல் என 1939இல் றிச்சாட் ஹேட்சோன் வகுத்திருந்த நிலைப்பாட்டை 1953இற் பிறெட் ஷேபர் தாக்கி, விதிகளைத் தேடும் விஞ்ஞானமாகப் புவியியல் மாறுதல் வேண்டும் என்றார். சுவீடனைச் சேர்ந்த ஹேகர்ஸ்ராண்ட் புத்தாக்கங்களின் பரவலைக் கணிதமுறையில் ஆராய்ந்தார். ஆயின் அவரே 1970இல், பிரதேச விஞ்ஞானத்தில் மனிதர் எங்கே என வினவினார். ஒரு நாளின் இருபத்துநான்கு மணித்தியாலத்துள் ஒருவர் எங்கெங்கு செல்ல இயலும், எங்கு செல்ல இயலாது என்பதைக் காலப் புவியியலாக வகுத்தார்.

அளவை முறையின் தத்துவத்தை 1969இல் விரிவாக எழுதிய டேவிட் ஹார்வி, நான்கே ஆண்டுகளில் சமூக நீதியும் நகரமும் என்னும் நூலில் மார்க்சிய நோக்குக்கு மாறினார். நகரத்தின் சேரிகள் எங்குள்ளன என அளந்து படம் வரைந்தால் மட்டும் போதாது, அவற்றை உண்டாக்கும் பொறிமுறையை ஆராய்தல் வேண்டும் என்றார். யீ-பூ துவான் 1977இல் வெளியிட்ட நூலில் வெளிக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கினார். அனுபவத்தாலும் பற்றினாலும் பொருள்பெறும் வெளியே இடமாகிறது. 1982இல் ஜனிஸ் மங்க், சூசன் ஹன்சன் ஆகியோர் மானிடப் புவியியல் மானிடரிற் பாதியினரான பெண்களைக் காணாது விட்டமையைச் சுட்டினர். டோரீன் மாசி 1991இல் இடம் என்பது மூடிய எல்லைக்குட் கிடக்கும் தூய பொருளன்று, பல திசைகளிலிருந்து வரும் உறவுகள் சந்திக்கும் புள்ளி என இலண்டனின் கில்பேர்ண் வீதியை உதாரணமாகக் காட்டி எழுதினார். தன் ஊரை நேசிப்பதற்குப் பிறரை விலக்கவேண்டியதில்லை என்னும் நிலைப்பாடு இதிலிருந்து பெறப்படும். ஊரை இழந்தோரும், ஊர்விட்டு ஊர் பெயர்ந்தோரும் நிறைந்த எம்போன்ற சமுதாயத்துக்கு இவ்விரு கருத்துக்களும் ஒருங்கே வேண்டப்படுவன. துவான் கூறும் பற்றின்றி இழப்பின் கனத்தை அறிய இயலாது. மாசி கூறும் திறந்த தன்மையின்றி அவ்விழப்பு இன்னொருவரை விலக்கும் உரிமையாக மாறிவிடக்கூடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அடிப்படைக் கருத்துக்கள் யாவும் ஐயத்துக்குரியன என்றோ, அவற்றைக் கைவிடல் வேண்டும் என்றோ கொள்ளலாகாது. கருத்துக்கள் இன்றி அவதானிப்பும் இல்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டத்தையும் வன்னிக் காட்டையும் ஒப்பிடுதற்குக்கூட வாழ்க்கைமுறை என்னும் கருத்து வேண்டும். ஆயின் வாழ்வெளி, ஹன்ரிங்ரனின் படம், போலந்தில் வரையப்பட்ட அறுகோணங்கள், ஆளற்றதெனக் குறிக்கப்பட்ட நிலம் ஆகிய நான்கிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒவ்வொன்றிலும் நிலம் கணக்கில் எடுக்கப்பட்டது. அந்நிலத்தில் வாழ்ந்த மக்கள் கணக்கினின்றும் நீக்கப்பட்டனர். மானிடப் புவியியல் தன் பெயரிலுள்ள முதற்சொல்லை இழந்த வேளைகள் அவை. எனவே மாணவர் ஒரு கருத்தின் வரைவிலக்கணத்தை எழுதியபின், அக்கருத்தைக்கொண்டு வரையப்பட்ட படத்தில் யார் இடம்பெற்றுள்ளார், யார் இடம்பெறவில்லை என்னும் வினாவையும் எழுதிப் பார்த்தல் நன்று. பரீட்சையில் அவ்வினா வினவப்படாதிருக்கலாம். நாளை நில அளவையிலும், திட்டமிடலிலும், நிருவாகத்திலும், ஆசிரியத் தொழிலிலும் அமரப்போகும் இன்றைய மாணவரிடம் அதனை வினவுவோர் அந்நிலங்களில் வாழும் மக்களேயாவர்.